யானைத்தீயும் மருத்துவமும்: மிகையுணவு, உடற்பருமன் குறித்த சிந்தனை வரலாறு

முன்னுரை

மணிமேகலைக் காப்பியத்தில் காயசண்டிகை என்னும் விஞ்சைமகள் ஒருத்தி இடம்பெறுகிறாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விருச்சிக முனிவர் உண்ணும் நாவற்கனியைத் தன் காலால் சிதைத்தமையால், ‘யானைத்தீ’ என்னும் நோய் பற்றிப் பன்னிரண்டு ஆண்டுகள் வருந்துமாறு சபிக்கப்பெற்றவள் அவள். எவ்வளவு உண்டாலும் அடங்காத பசியே அந்நோய். இராமகாதையில் குரங்குகள் கொணர்ந்து எறிந்த மலைகளையெல்லாம் கடல் விழுங்கியதைப்போலத் தன் வயிறு உணவை விழுங்குகிறது என அவளே முறையிடுகிறாள். மணிமேகலை அமுதசுரபியிலிருந்து அளித்த உணவை உண்ட பின்னரே அப்பசி தணிகிறது.

இலக்கிய வகுப்புகளில் இப்பகுதி பெரும்பாலும் அமுதசுரபியின் சிறப்பை விளக்கவே எடுத்தாளப்படுகிறது. மருத்துவ வரலாற்று நோக்கில் படிக்குமிடத்து வேறொன்று புலனாகின்றது. அவள் கனியைச் சிதைத்தது குற்றம்; ஆனால் அளவிறந்து உண்டது குற்றமன்று, நோய். காப்பியம் இவ்வேறுபாட்டில் தெளிவாக இருக்கிறது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் வேறு வழியில் செல்கின்றது. முன்னர் உண்டது செரித்ததை அறிந்து, பசித்த பின், அளவோடு உண்பார்க்கு மருந்தென ஒன்று வேண்டாவென்பதும், அளவறியாது உண்பவனிடத்து நோய் நிலைகொள்ளும் என்பதும் அவ்வதிகாரத்தின் சாரமாகும். அங்கு உண்பவனின் அறிவே மருந்தாகிறது. உண்ணுதலை உண்பவனின் பொறுப்பாகக் காண்பதும், அவனை மீறி அவனுள் எரியும் தீயாகக் காண்பதும் ஆகிய இவ்விரு பார்வைகளும் தமிழுக்கு மட்டும் உரியன அல்ல. உடல் எடையைக் குறைக்க மருத்துவம் மேற்கொண்ட முயற்சிகள் அனைத்திலும் இவ்விரண்டும் மோதிக்கொண்டே வந்துள்ளன. இம்மோதலின் போக்கையும், நம் வட்டாரப் பள்ளிகளில் அது எடுத்த வடிவத்தையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

சரகரின் விளக்கம்

சரக சங்கிதையின் சூத்திரத்தானம் 21ஆம் அத்தியாயம் பழிக்கப்படும் எண்வகை உடல்களைப் பற்றிப் பேசுகின்றது. மிக நெடியோர், மிகக் குறியோர் முதலிய எண்மருள் மிகப் பருத்தோரும் மிக மெலிந்தோரும் தனியே எடுத்து விரித்துரைக்கப்படுகின்றனர். பருமனுக்குரிய காரணங்களாக இனிப்பும் நெய்ப்பும் மிக்க உணவு, உழைப்பின்மை, பகலுறக்கம், கவலையின்மை ஆகியவற்றோடு பிறப்பு வழி வரும் இயல்பும் குறிக்கப்படுகின்றது. வித்தின் இயல்பு என்ற கருத்து அவ்வளவு தொன்மையான நூலில் இடம்பெற்றிருத்தல் எண்ணத்தக்கது.

அதனினும் நுட்பமான பகுதி பசி பற்றியது. பருத்தோர்க்கு நேரும் எட்டுக் குறைகளில் மிகுபசியும் மிகுதாகமும் அடங்கும். கொழுப்பு உடலின் வழிகளை அடைத்துவிடுவதால் வாயு வயிற்றினுள்ளேயே சுழன்று செரிமானத் தீயை மூட்டுகிறது. உண்டது விரைவில் எரிந்துபோக, உடல் மீண்டும் உணவை வேண்டுகிறது. காட்டுத்தீ காட்டை எரிப்பதுபோல அத்தீயும் வாயுவும் பருத்தவனை எரிக்கின்றன என்பது அந்நூலின் விளக்கம். மிகுதியாக உண்பதால் பருமன் வருகிறது என்பதோடு நில்லாமல், பருமன் மிகுபசியை விளைவிக்கிறது என்றும் கூறப்படுவதைக் கவனிக்க வேண்டும்.

சிகிச்சையும் இவ்விளக்கத்தைப் பின்பற்றியே அமைகின்றது. பசியைத் தணிக்கத்தக்க கனம் உடையதாயும், உடலை வளர்க்காததாயும் உள்ள உணவு பரிந்துரைக்கப்படுகின்றது. பார்லி, கொள்ளு, தேன் கலந்த நீர், திரிபலை ஆகியன அவற்றுள் சில. உடற்பயிற்சியையும் விழித்திருத்தலையும் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும் என்ற எச்சரிக்கையும் உண்டு. ‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என நம் வீடுகளில் வழங்கும் பழமொழி இம்மருத்துவ மரபோடு ஒத்துச் செல்வது கண்கூடு. இதனைக் கொண்டு இக்கால அறிவியலை அன்றே சரகர் கண்டுவிட்டார் என்று முழங்குவது ஆய்வு நெறியாகாது. வாயு, தீ என்பன வேறோர் உடற்கோட்பாட்டின் சொற்கள். அவர் எழுப்பிய வினா மட்டும் பின்னாளில் நெடுங்காலம் கேட்கப்படாமலே கிடந்தது என்று கூறலாம்.

சவப்பெட்டி வணிகரின் கடிதம்

ஐரோப்பாவில் எடைக்குறைப்பு பொதுமக்கள் இயக்கமாக மாறியதற்குக் காரணமானவர் மருத்துவர் அல்லர். இலண்டனில் ஈமச்சடங்கு ஏற்பாட்டாளராக இருந்த வில்லியம் பான்டிங் ஆவார். அரச குடும்பத்தினரின் இறுதிச் சடங்குகளை நடத்திய குடும்பம் அவருடையது. ஐந்தடி ஐந்தங்குல உயரமுடைய அவர் 1862ஆம் ஆண்டு ஆகஸ்டில் 202 பவுண்டு எடை இருந்தார். குனிந்து காலணி வாரைக் கட்ட இயலவில்லை. மாடிப்படியில் பின்புறமாகவே இறங்க வேண்டியிருந்தது. காலையில் படகு வலித்தால் எடை குறையும் என்ற அறிவுரையைக் கேட்டு அவ்வாறே செய்தார். வலிமை கூடியது, அதனோடு பசியும் கூடியது. உண்ட உணவால் எடை மேலும் ஏறியது.

காது மந்தமாயிற்று என்பதற்காக அவர் நாடிய வில்லியம் ஹார்வி என்னும் காது மருத்துவர், பாரிசில் கிளாத் பெர்னார் ஆற்றிய சொற்பொழிவுகளைக் கேட்டவர். கல்லீரலுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை அங்கு அறிந்திருந்த ஹார்வி, ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு ஆகியவற்றை விலக்குமாறு கூறினார். 1863 செப்டம்பரில் பான்டிங்கின் எடை 156 பவுண்டாகக் குறைந்தது. இவ்வனுபவத்தை அவர் பொதுமக்களுக்கு ஒரு கடிதமாக எழுதி அதே ஆண்டில் சொந்தச் செலவில் வெளியிட்டார். அவர் பெயரே உணவுக்கட்டுப்பாட்டைக் குறிக்கும் வினைச்சொல்லாகியது. சுவீடிய மொழியில் அச்சொல் இன்றும் வழக்கில் உள்ளது.

அக்கடிதத்தின் வெற்றிக்கு உணவுப் பட்டியல் மட்டும் காரணமெனத் தோன்றவில்லை. பொது இடங்களில் பருத்தவர்கள் படும் ஏளனத்தைப் பற்றி அவர் வெளிப்படையாக எழுதினார். சோம்பலாலும் பெருந்தீனியாலும் பருமன் வருகிறது என்ற கூற்றைத் தம் வாழ்வைச் சான்றாகக் காட்டி மறுத்தார். நோயாளியே தன் நோயைப் பற்றிப் பேசிய ஆவணம் என்ற வகையில் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

எண்ணும் எடையும்

பான்டிங்கிற்குப் பின்வந்த அரை நூற்றாண்டில் உணவு எண்களாக மாறியது. 1890களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர், மனிதன் உள்ளே தங்கி உண்டு உறங்கத்தக்க ஓர் அறையை அமைத்து, உடல் செலவிடும் வெப்பத்தை அளந்தார். உணவின் ஆற்றலைக் கலோரியாகக் கணக்கிடும் வழக்கம் இதனால் பரவியது. 1918இல் லூலூ ஹண்ட் பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவர் எழுதிய உணவு நூல் கலோரிக் கணக்கை அமெரிக்க இல்லங்களுக்குள் கொண்டு சென்றது. முதல் உலகப்போரின் உணவுத் தட்டுப்பாட்டுச் சூழலில், அளவோடு உண்பது நாட்டுப்பற்றாகவும் பருத்திருப்பது நாணத்தக்கதாகவும் அந்நூல் வழிச் சித்திரிக்கப்பட்டது. கணக்குத் தவறானதன்று, ஆனால் கணக்குப் பார்ப்பவனின் பசியை அது கணக்கில் சேர்க்கவில்லை.

உடலை அளக்கும் எண்ணுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுக்கும் முறையை 1830களில் உருவாக்கிய பெல்ஜிய அறிஞர் அடோல்ப் கெட்லே வானியலாளரும் புள்ளியியலாளரும் ஆவார். ‘சராசரி மனிதன்’ யார் என்று காண்பதே அவர் நோக்கம். எவருக்கும் நோயறிதல் செய்வதன்று. 1972இல் ஆன்செல் கீஸ் அதற்கு உடல் நிறைக் குறியீட்டெண் என்று பெயரிட்ட பின்னரே அது மருத்துவமனைகளில் நிலைபெற்றது.

மாத்திரைகளின் காலம்

கணக்கு கைகொடுக்காதபோது மருந்து நாடப்பட்டது. டைநைட்ரோஃபீனால் என்னும் வேதிப்பொருள் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் பயன்பட்டது. அங்கு வேலை செய்தோர் மெலிந்துபோனதும் முன்னரே காணப்பட்டிருந்தது. 1933இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் அதனை எடைக்குறைப்புக்கு அறிமுகப்படுத்தினர். உடல் உணவாற்றலை வீண் வெப்பமாக எரிக்குமாறு செய்வது அதன் இயல்பு. எடை குறைந்தது, சிலருக்குக் கண்புரை வந்தது, சிலர் உடற்சூடு ஏறி மாண்டனர். 1938இல் அமெரிக்கா அதனை மனிதர் உட்கொள்ளத் தகாததென விலக்கியது. தொடர்ந்து ஆம்ஃபெட்டமின் வகை மாத்திரைகள் பசியடக்கிகளாக 1960கள் வரை கோலோச்சின. அவற்றின் அடிமைப்படுத்தும் தன்மை தெரியவரவே கட்டுப்பாடுகள் வந்தன. ஃபென்ஃப்ளூரமைன் அடுத்த நம்பிக்கையாகியது. இதய வால்வுகளைப் பழுதாக்குவது கண்டறியப்பட்டு 1997இல் சந்தையிலிருந்து நீக்கப்பட்டது.

நீக்கப்பட்ட மருந்து மறைந்துவிடுவதில்லை. இவ்வுண்மையைச் சிங்கப்பூர் 2002இல் கசப்போடு அறிந்தது. சீன மூலிகை மருந்தாக விற்கப்பட்ட ‘ஸ்லிம் 10’ என்னும் மெலிவு மாத்திரையில், முகப்புச் சீட்டில் சொல்லப்படாத ஃபென்ஃப்ளூரமைன் கலந்திருந்தது. அதனை உட்கொண்ட பெண் ஒருவர் உயிரிழந்தார். தொலைக்காட்சி நடிகை ஒருவர் கல்லீரல் செயலிழந்து, தம் காதலர் ஈந்த கல்லீரல் பகுதியால் உயிர் பிழைத்தார். அவர் திரையில் தோன்றும் மெல்லிய உடலினர். மருத்துவக் கணக்கில் அவருக்கு அம்மாத்திரை தேவையே இல்லை. நோய்க்கான மருந்து, நோயில்லாதோரின் நாணத்திற்கு விற்கப்பட்டமையே இந்நிகழ்வின் உட்பொருள் எனலாம். ‘மூலிகை’ என்ற சொல் நம் மக்களிடையே பெறும் நம்பிக்கையை அறிந்தோர்க்கு இதன் ஆபத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பட்டினி கற்பித்தது

மேற்குறித்த ஆன்செல் கீஸ் 1944-45ஆம் ஆண்டுகளில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் நடத்திய ஆய்வு எடைக்குறைப்புக்காகச் செய்யப்பட்டதன்று. போரினால் பட்டினியுற்ற ஐரோப்பியர்க்கு எவ்வாறு உணவளித்து மீட்பது என்பதே அதன் வினா. போரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமே முன்வந்து ஆறு மாத காலம் அரைப்பட்டினி ஏற்றனர். நாளொன்றுக்கு அவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 1,570 கலோரி. இன்று பல எடைக்குறைப்புத் திட்டங்கள் இதனினும் குறைவாகப் பரிந்துரைக்கின்றன என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

அவர்கள் எடையில் கால்பங்கை இழந்தனர். அதனோடு, உணவைத் தவிர வேறெதிலும் மனம் செல்லாமல் போயிற்று. சமையல் நூல்களைத் திரட்டினர். கிடைத்த உணவை நீட்டி நீட்டி உண்டனர். கட்டுப்பாடு நீங்கியபோது சிலர் வயிறு நிறைந்த பின்னும் நிறுத்த இயலாமல் உண்டனர். உடலும் உள்ளமும் நலமாயிருந்தவர்கள் எனத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இவர்கள். மிகையுண்ணல் பண்புக்குறை என்றால், ஆறே மாதத்தில் அக்குறை அவர்களிடம் எங்கிருந்து வந்தது? 1950இல் இவ்வாய்வு நூலாக வெளிவந்தும், எடைக்குறைப்பு மருத்துவம் இவ்வினாவை உடனே எதிர்கொள்ளவில்லை.

1959இல் ஆல்பர்ட் ஸ்டங்கர்ட், பருமனுடைய சிலர் குறுகிய நேரத்தில் கட்டின்றிப் பேரளவு உண்டு பின்னர் வருந்துவதைத் தனி நிலையாக விவரித்தார். 1979இல் இலண்டனில் ஜெரால்ட் ரசல், உண்டு வாந்தியெடுக்கும் புலிமியா நோயை வரையறுத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் 1980களில் வளர்த்தெடுத்த அறிதல்-நடத்தைச் சிகிச்சை, கடுமையான உணவுத் தடைகளே கட்டற்ற உண்ணலைத் தூண்டுகின்றன என்ற கருத்தை அடிப்படையாகக் கொண்டது. எனவே நோயாளி முதலில் கற்பது உண்ணாதிருத்தலை அன்று. வேளை தவறாமல் உண்பதை. அமெரிக்க உளமருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல்தான் இதனைத் தனிக் கோளாறாக ஏற்றது.

தீக்குப் பெயர் கிடைத்தது

1994இல் நியூயார்க்கின் ராக்கபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் இயக்குநீரின் மரபணுவைக் கண்டறிந்தனர். கொழுப்பணுக்கள் சுரக்கும் இது, உடலின் சேமிப்பு எவ்வளவு என்று மூளைக்கு உணர்த்துகிறது. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத இரு குழந்தைகளைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 1997இல் எழுதினர். பிறந்தபோது இயல்பான எடையோடு இருந்த அக்குழந்தைகள், அடங்காப் பசியால் விரைந்து பருத்தனர். அவர்களுள் ஒன்பது வயதுச் சிறுமிக்கு லெப்டின் ஊசி செலுத்தப்பட்டபோது அப்பசி தணிந்து எடையும் குறைந்த செய்தி 1999இல் வெளியாயிற்று. மணிமேகலையைக் கற்பிப்போர் இதனைப் படித்தால் காயசண்டிகையை நினையாதிருத்தல் அரிது.

ஆனால் பருமனுடைய பெரும்பாலோரிடம் லெப்டின் குறைவாக இல்லை, மிகுதியாகவே உள்ளது. மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை. ஆகவே அவ்வூசி அனைவர்க்கும் அமுதசுரபியாகவில்லை. வயிற்றைச் சுருக்கும் அறுவைச் சிகிச்சைகள் 1960களிலிருந்து வளர்ந்து, குடல் இயக்குநீர்களின் வலிமையைப் புலப்படுத்தின. ஹீலா என்னும் நச்சுப் பல்லியின் நஞ்சில் 1992இல் ஜான் எங் கண்டறிந்த பொருள், அத்தகைய இயக்குநீர் ஒன்றை ஒத்திருந்தது. அவ்வழியில் 2005இல் நீரிழிவு மருந்தொன்று வந்தது. 2021இல் செமக்ளூடைட் எடைக்குறைப்புக்கென அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அவ்வாண்டு வெளியான ஆய்வில் 68 வாரங்களில் சராசரி எடையிழப்பு 14.9 விழுக்காடு, வெற்று மருந்து பெற்றோர்க்கு 2.4 விழுக்காடு. ஊசியை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. பலர் கூறுவது எடையைப் பற்றி மட்டுமன்று; தலைக்குள் ஓயாது ஒலித்த உணவு பற்றிய எண்ணம் அமைதியாயிற்று என்கின்றனர். குமட்டலும் வாந்தியும் அதன் பொதுவான பக்கவிளைவுகள். விலையோ பலருக்கு எட்டாதது. போலி ஊசிகள் குறித்து உலகச் சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்ததைப் படித்தபோது ‘ஸ்லிம் 10’ நினைவுக்கு வந்தது.

வகுப்பறையும் எடைக்கருவியும்

சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு 1992இல் பள்ளிகளில் உடற்கட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பருமனுடைய மாணவர்கள் பிரித்தெடுக்கப்பட்டு, ஏனையோர் காண, கூடுதல் உடற்பயிற்சியில் ஈடுபடுத்தப்பட்டனர். பருமன் விழுக்காடு குறைந்ததை அரசின் கணக்குகள் காட்டின, அதனை மறுப்பதற்கில்லை. ஆயின் அத்திட்டத்தின் டி.ஏ.எஃப். என்ற முதலெழுத்துகளைத் தலைகீழாக வாசித்தால் ‘பருத்த’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் வரும். அது தற்செயலாக அமைந்திருக்கலாம். பள்ளிப் பிள்ளைகள் அதனைக் கண்டுகொள்ள நெடுநேரம் ஆகியிராது. ஏளனமும் உண்ணற் கோளாறுகளும் குறித்த கவலைகள் எழ, 2007இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவர்க்கும் உரிய முழுமை நல அணுகுமுறை இடம்பெற்றது. பான்டிங் 1863இலேயே ஏளனத்தைப் பற்றி எழுதியிருந்தார் என்பதை இங்கு எண்ணாமல் இருக்க முடியவில்லை.

எண்ணே பொய்யுரைக்கவும் கூடும். சிங்கப்பூரின் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகியோரிடம் குறைந்த குறியீட்டெண்ணிலும் உடற்கொழுப்பு மிகுந்திருப்பதை 2000இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 2002 ஜூலையில் சிங்கப்பூரில் கூடிய உலகச் சுகாதார நிறுவன வல்லுநர் குழுவின் அறிக்கை 2004இல் வெளிவந்தது. ஆசியர்க்கு 23, 27.5 ஆகிய எண்களைக் கூடுதல் எச்சரிக்கைப் புள்ளிகளாக அது சேர்த்தது. அதே ஆண்டில் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக்கும் பிரித்தானியரான யுட்கினும் தம் படங்களை அருகருகே வெளியிட்டனர். இருவர்க்கும் குறியீட்டெண் 22.3; உடற்கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. மெலிந்த தோற்றமுடைய நம் பிள்ளைகள் நலமாகவே இருப்பர் என்று கொள்வதும் பிழை என்பது இதனால் பெறப்படும். 2025 ஜனவரியில் லான்செட் ஆணையம், குறியீட்டெண்ணை மட்டும் கொண்டு பருமனை நோயெனத் துணியலாகாது. இடுப்பளவு முதலியவற்றையும் உறுப்புகளின் பாதிப்பையும் காண வேண்டும் எனப் பரிந்துரைத்தது.

தமிழாசிரியர்க்கு இதில் ஒரு சொற்சிக்கலும் உள்ளது. 2013இல் ஏற்கப்பட்ட கோளாற்றினைக் குறிக்கத் தமிழில் நிலைபெற்ற சொல் இல்லை. அகராதியைப் புரட்டும் மாணவனுக்குக் கிடைப்பது ‘பெருந்தீனி’. அது நோயின் பெயரன்று, வசைச்சொல். ‘யானைத்தீ’ அழகிய சொல்லாயினும் பொருந்தாது. அது பசியின் மிகுதியைக் குறிப்பது. லெப்டின் சுரக்காத குழந்தைக்கு அது பொருந்தும். இக்கோளாறோ பசியில்லாதபோதும் நிறுத்த இயலாமல் உண்பது. ‘கட்டற்ற உண்ணல் கோளாறு’ என்பதை இக்கட்டுரையாசிரியர் முன்மொழிகின்றார். இதனினும் பொருத்தமான சொல் கிடைப்பின் ஏற்கலாம்.

மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் செகாக் உடற்தகுதிச் சோதனையின்போது மாணவரின் உயரத்தையும் எடையையும் அளந்து குறியீட்டெண்ணைப் பதிவுசெய்யும் பணி ஆசிரியரைச் சேர்ந்தது. பல இடங்களில் அது வகுப்பறையின் முன்புறத்தில், வரிசையில் நிற்கும் மற்ற பிள்ளைகளின் எதிரில், எண்ணை உரக்கச் சொல்லி நடைபெறுகின்றது. அதனைத் தனியறைக்கு மாற்றவும், எண்ணைச் சொல்லாமல் எழுதிக்கொள்ளவும் எந்தச் சுற்றறிக்கையும் தேவையில்லை.